பாதயாத்திரை: நடையை மட்டுமல்ல, மூட்டையையும் திட்டமிடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசம் நெருங்கும்போதெல்லாம் பழனிச் சாலையில் நடந்து செல்லும் பக்தர்களின் பாதுகாப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் செய்திகளும் யோசனைகளும் வெளிவருகின்றன. இரவில் ஒளிரும் பட்டை அணிவது, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி சாலையின் வலப்புறமாக நடப்பது, வெள்ளைக் கோட்டைத் தாண்டாமல் செல்வது ஆகிய எல்லாமே அவசியமானவைதாம். ஆனால், பாதயாத்திரையில் ஏற்படும் தொல்லைகளில் பெரும்பாலானவை கால்களால் வருவதில்லை. மூட்டைகளாலும், மூட்டைகளை ஏற்றிச் செல்லும் வண்டியாலும், திரும்பி வருவதற்கு ஏற்பாடு செய்யாததாலும் வருகின்றன. இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து பழனிக்குச் செல்லும் குழு ஒன்றில் 18 ஆண்டுகளாக நடந்து வருகிறேன். பண்டகசாலை ஒன்றில் இருப்புக் கணக்கு எழுதிப் பணி ஓய்வு பெற்றவன் என்பதாலோ என்னவோ, கடந்த சில ஆண்டுகளாகக் குழுவின் சாமான் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்திருக்கிறது. குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நாங்கள் ஏறக்குறைய 40 பேர். ஆறு நாளில் நடந்து முடிக்கிறோம். பின்னிரவு இரண்டரை மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறும் முன், பத்து மணி அளவில் ஒரு நிழலைப் பிடிப்பது. மாலை நான்கு மணிக்கு மீண்டும் புறப்பட்டு எட்டு மணிக்குள் தங்கும் ஊரை அடைவது என்பது எங்கள் வழக்கம். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்படும் ஒழுங்கைப் பார்த்தே எங்களைப் போன்ற குழுக்கள் வழியையும் தங்கல்களையும் கற்றுக்கொண்டன. எந்த நாள் எந்த ஊரில் தங்கல் என்பது அவர்களுக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவான செய்தி. நமக்கோ, வண்டி எங்கே நிற்கிறதோ அதுவே தங்கல்.

அந்த வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஓராண்டு நத்தத்தில் பட்டுத் தெரிந்துகொண்டோம். சிங்கம்புணரியிலிருந்து நாங்கள் நடந்து வந்துகொண்டிருக்க, சாமான் வண்டி முன்னே சென்றுவிட்டது. நத்தத்தில் நெரிசல் காரணமாக வாகனங்களைத் திருப்பிவிட்டுக் கொண்டிருந்தார்கள். எங்கள் ஓட்டுநரும் திருப்பிவிட்ட வழியே போய், எங்கோ ஒரு கிராமச் சாலையில் மாட்டிக்கொண்டார். அவருடைய செல்பேசியில் மின்னேற்றம் தீர்ந்திருந்தது. இரவு எட்டரை மணிக்கு ஊரை அடைந்த எங்களிடம் போர்வை இல்லை, மாற்று வேட்டி இல்லை, விரிக்க ஒரு தார்ப்பாய்கூட இல்லை. தை மாதத்து நத்தம் பனியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், வேர்வையில் நனைந்த துணி உடம்பிலேயே குளிர்ந்து, முதுகில் ஈரச்சாக்கைப் போட்டது போல் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழுவில் வந்த ஒரு பெரியவருடைய சர்க்கரை நோய் மாத்திரைகளும் அந்த வண்டிக்குள்தான் இருந்தன. அக்கம்பக்கத்து வீட்டார் பழைய கோணிகளும் சேலைகளும் கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் கடையைச் சாத்தும் நேரத்தில் உதவினார். வண்டி வந்து சேர்ந்தபோது அதிகாலை நான்கு மணி. நாங்கள் அடுத்த நடைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியிருந்தது.

தவறு ஓட்டுநருடையதும் அன்று, வாகனங்களைத் திருப்பியவர்களுடையதும் அன்று. இரவைக் கழிக்கத் தேவையான அத்தனை பொருளையும் நாங்கள் எங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்ததே தவறு. அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஆளுக்கு இரண்டு பை என்ற கட்டுப்பாடு வந்தது. ஒன்று தோளோடு இருக்கும் பை, மற்றொன்று வண்டியில் போகும் பை. வண்டி ஓர் இரவு முழுவதும் வராமல் போனாலும் தோள்பையை வைத்தே சமாளிக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். மெல்லிய போர்வை ஒன்று, துண்டு ஒன்று, மாற்று வேட்டி அல்லது சேலை ஒன்று, ஒரு நாளைக்கு வேண்டிய மருந்து, அரை லிட்டர் தண்ணீர், சிறிய டார்ச் விளக்கு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, வீட்டு எண் எழுதிய தாள், பணம். இவ்வளவுதான். தண்ணீரை இரண்டு லிட்டராகச் சுமப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வழியெங்கும் மோர்ப்பந்தலும் பானகமும் சுக்குமல்லிக் காப்பியும் கிடைக்கும் சாலையில் இரண்டு கிலோவைப் பழனி வரை தூக்கிச் செல்வது எந்த நேர்த்திக்கடனிலும் சேராது.

மூட்டையின் எடையைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால், ஓராண்டு புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு எல்லாருடைய பைகளையும் வரவழைத்து, வாசல் வேப்பமரக் கிளையில் கொக்கித் தராசைக் கட்டித் தொங்கவிட்டேன். வந்த பைகளில் ஆகச் சிறியது 6 கிலோ. ஆகப் பெரியது 19 கிலோ. அந்தப் பத்தொன்பது கிலோவைத் திறந்து பார்த்தபோது, ஆறு நாள் நடைக்கு ஒன்பது வேட்டி, இரண்டு கனத்த ஜமுக்காளம், எவர்சில்வர் தூக்குச்சட்டி, ஒரு படி முறுக்கு, இஸ்திரி போட்ட சட்டை நான்கு ஆகியவை இருந்தன. மாலை போட்டவர் சட்டை எதற்கு என்று கேட்டதற்கு, “திரும்பி வரும்போது போட்டுக்கொள்ள” என்று பதில் வந்தது. திரும்பி வருவதற்கு ஒரு சட்டை போதாதா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவர் என் தாய்மாமன். இப்போது வண்டிப் பைக்கு 8 கிலோ என்பது உச்சவரம்பு. தராசு எடுத்துக்கொடுக்கும் தீர்ப்பில் உறவுமுறை குறுக்கிடுவதில்லை என்பதால் சண்டையும் குறைந்திருக்கிறது.

எடையைக் குறைக்கச் சொல்வது வெறும் கட்டுப்பாட்டுக்காக அன்று. சிறுவர்கள் ‘குட்டியானை’ என்று அழைக்கும் சிறிய சரக்கு வண்டியின் சுமைத்திறன் ஏறத்தாழ முக்கால் டன்தான். 40 பேருடைய பை ஆளுக்குப் பதினைந்து கிலோ என்று வைத்தால் அதுவே 600 கிலோ. அதன் மேல் அண்டா, அடுப்பு, அரிசி, தண்ணீர்க் கேன், நிரப்பியபோது ஒவ்வொன்றும் 30 கிலோ அளவில் இருக்கும் எரிவாயு உருளைகள் இரண்டு. இத்தனைக்கும் மேலே, கால் வலிக்கிறது என்று நான்கு பேர் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அதிக பாரத்தோடு தூக்கம் கெட்ட ஓட்டுநர் இரவில் ஓட்டும் வண்டியின் உச்சியில், எரிவாயு உருளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் காட்டிலும் சாலையோரம் உட்கார்ந்து வலியைப் பொறுத்துக்கொள்வது மேல். நடக்க முடியாதவர்களுக்கென்று ஒரு காரையோ வேனையோ தனியாக அமர்த்துங்கள். முடியாவிட்டால், அருகிலுள்ள ஊர்வரை ஆட்டோவில் கொண்டுவிட்டு அங்கிருந்து பேருந்தில் ஏற்றிவிடுங்கள். இதற்கென்று ஒரு சிறு தொகையைக் குழுப் பணத்தில் முதலிலேயே ஒதுக்கி வைத்தால், அந்த நேரத்தில் யாருடைய கையையும் பார்க்க வேண்டியதில்லை.

ஓட்டுநரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் ஒரு நாளில் நடக்கும் 27 கிலோமீட்டரை அவர் முக்கால் மணி நேரத்தில் ஓட்டிவிடுவார். எனவே அவருக்கு வேலையே இல்லை என்று எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் அவர்தான் குழுவிலேயே குறைவாகத் தூங்குபவர். இரண்டு மணிக்கு எல்லாரும் எழும்போது அவரும் எழுகிறார். பகலில் மற்றவர்கள் படுக்கும்போது, வண்டியைக் காவல் காக்கவும் சமையல் சாமான் இறக்கவும் அவரைக் கூப்பிடுகிறோம். ஆறாம் நாள் தரிசனம் முடிந்ததும், “இரவோடு இரவாக ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்” என்று அவசரப்படுத்துகிறோம். திரும்பும் பயணத்துக்கு இரண்டாவது ஓட்டுநர் ஒருவரை ஊரிலிருந்து வரவழைத்துவிடுவது எங்கள் குழுவின் வழக்கமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கூடுதல் செலவுதான். கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் செலவைக் கேள்வி கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

பைகளை அடையாளம் காணும் தொல்லை சிறியதாகத் தோன்றும். ஒருமுறை ஓர் அன்பர் எங்கள் குழு முழுவதற்கும் ஒரே மாதிரிப் பச்சை நிறப் பைகளை வாங்கிக் கொடுத்தார். பார்க்க அழகாக இருந்தது. முதல் இரவு திருப்பத்தூரில், வண்டி விளக்கின் வெளிச்சத்தில் நாற்பது பச்சைப் பைகளை இறக்கி, ஒவ்வொருவரும் அடுத்தவர் பையைத் திறந்து பார்த்து, மூடி, வேறொன்றைத் திறந்து, எல்லாரும் படுத்தபோது மணி பதினொன்றரை. மறுநாள் காலை ஒருவர் மற்றவருடைய வேட்டியில் நடந்தார். இப்போது ஒவ்வொரு பையின் கைப்பிடியிலும் எண் எழுதிய துணிப்பட்டை தைக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணும் பெயரும் தொடர்பு எண்ணும் என்னிடமுள்ள நோட்டில் இருக்கும். எண் வரிசைப்படி ஏற்றி, வரிசைப்படி இறக்குகிறோம். பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது. அதே நோட்டில் யார் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒருமுறை ரெட்டியார்சத்திரம் அருகே ஒருவர் மயங்கி விழுந்தபோது, முதலுதவி முகாமில் இருந்த மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான்.

கால்களைப் பற்றிச் சொல்லாமல் மூட்டையைப் பற்றிய பேச்சு முடியாது. ஏனெனில் மூட்டையில் வைக்க மறப்பவை பெரும்பாலும் காலுக்கு உரியவையே. தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் ஒரு சிறு டப்பா: தொடை இடுக்கில் உரசிப் புண்ணாவதுதான் முதல் இரண்டு நாளில் நல்ல நடைக்காரரையும் உட்கார வைக்கிறது, கிளம்பும் முன் தடவ வேண்டியதைப் புண்ணான பிறகு தேடுகிறோம். பருத்திக் காலுறை இரண்டு இணை, ஒட்டும் பிளாஸ்திரி ஒரு சுருள், பஞ்சு, கிருமிநாசினி. கொப்புளத்தைச் சேலையில் குத்திய ஊக்கைக் கழற்றிக் குத்தி நீரை வெளியேற்றும் வழக்கம் பெண்களிடமும், பீடித் தீக்குச்சியால் சுடும் வழக்கம் ஆண்களிடமும் இன்னும் இருக்கிறது. இரண்டும் சீழ் பிடிப்பதற்கான நேர்வழி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடப்பதை எங்கள் குழுவில் அனுமதிப்பதில்லை. காலில் உணர்ச்சி மரத்துப்போனவர்களுக்கு முள் குத்தியதும், பகல் தார்ச்சாலை சுட்டதும் தெரிவதில்லை. தெரியவரும்போது புண் ஆழமாகியிருக்கும். செருப்புப் போட்டால் விரதம் கெட்டுவிடும் என்று வாதிடுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தண்டபாணியே மலை மேல் கையில் ஒரு கோலோடுதான் நிற்கிறான், நடப்பவனுக்கு ஒரு துணை வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாதா? சர்க்கரை நோய் உள்ளவர்கள் பையில் கொஞ்சம் சர்க்கரை மிட்டாயும் இருக்க வேண்டும். நெடுந்தூர நடையில் சர்க்கரை ஏறுவதைவிடச் சட்டென்று இறங்குவதே ஆபத்து.

சமையல் சாமான் விஷயத்தில் நாம் இன்னும் பழைய காலத்துக் கணக்கையே போடுகிறோம். சாலையோரம் சோறு கிடைக்காத காலத்தில் அரிசியும் பருப்பும் கொண்டு போனது நியாயம். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று வழியிலுள்ள ஊர்களின் பெயரிலேயே சத்திரம் இருப்பதைப் பார்த்தால், வழிநடப்பவனுக்குத் தங்கலும் சோறும் எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும் என்பது புரியும். இன்றோ, தைப்பூசத்துக்கு முந்தைய வாரத்தில் திண்டுக்கல்லிலிருந்து பழனி வரையுள்ள 60 கிலோமீட்டரில் அன்னதானப் பந்தல் இல்லாத இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் குழு இப்போது அரிசி கொண்டு போவதில்லை. அவல், நாட்டுச் சர்க்கரை, சுக்கு, காப்பித்தூள், பால் காய்ச்ச ஒரு சிறு அடுப்பு, அவ்வளவே. உருளை இரண்டு என்பது ஒன்றாகக் குறைந்தது, அண்டா போயிற்று, அண்டாவோடு, விடியுமுன் பாத்திரம் கழுவத் தண்ணீர் தேடும் வேலையும் போயிற்று. தட்டும் தம்ளரும் மட்டும் ஆளுக்கு ஒன்று பையில் இருக்க வேண்டும். அன்னதானப் பந்தல்களுக்குப் பின்னால் மலைபோல் குவியும் நெகிழித் தட்டுகளையும் டம்ளர்களையும் பார்த்தவர்கள் அதன் காரணத்தைக் கேட்க மாட்டார்கள்.

பழனியை அடைந்ததும் வேறு வகையான குழப்பம் தொடங்குகிறது. சண்முகநதியில் குளித்துவிட்டுக் கிரிவீதிக்கு வரும்போது, அங்கு வாகனம் செல்ல முடியாது என்பதை அறியாமல், வண்டிக்காகக் காத்திருக்கும் குழுக்களை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். மலைக்கோயிலுக்குள் செல்பேசி கொண்டு செல்வதற்கு 2023 அக்டோபர் 1 முதல் தடை இருக்கிறது. அடிவாரத்தில் ஒப்படைத்துவிட்டே ஏற வேண்டும். இது நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஆனால், ஆறு நாளும் ஒருவரையொருவர் செல்பேசியில் அழைத்தே கண்டுபிடித்துப் பழகிய நாற்பது பேர், அது இல்லாமல் மலையேறி, ஒருவர் படி வழியாகவும் ஒருவர் யானைப்பாதை வழியாகவும் இறங்கினால் என்ன நடக்கும்? மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டியை நாங்கள் ஐந்து மணி நேரம் தேடினோம். அவர் பாதவிநாயகர் கோயிலருகே நிம்மதியாக உட்கார்ந்து, நாங்கள் எல்லாரும் தொலைந்துவிட்டதாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏறும் முன்பே இறங்கிச் சேர வேண்டிய இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்து, எழுதி, ஒவ்வொருவர் மடியிலும் செருகிவிட வேண்டும்.

திரும்பி வருவதற்கான ஏற்பாடுதான் எல்லாவற்றிலும் மோசம். போகும் நாளை ஜோசியரிடம் கேட்டுக் குறிக்கும் நாம், வரும் வழியை யாரிடமும் கேட்பதில்லை. தைப்பூசத்துக்கு 2021 முதல் அரசு பொதுவிடுமுறை விடப்படுவதால், நடந்து வந்தவர்கள் மட்டுமன்றிக் குடும்பத்தோடு காரில் வருகிறவர்களும் அன்றே பழனியில் கூடுகிறார்கள். சிறப்புப் பேருந்துகள் இயக்கப்பட்டாலும், தேரோட்டம் முடிந்த இரவில் வீங்கிய காலோடு பேருந்தின் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மதுரை, திண்டுக்கல் பக்கத்தாருக்காவது ரயில் உண்டு. பாலக்காடு – திருச்செந்தூர் விரைவு ரயில் பழனி வழியாகத்தான் செல்கிறது. காரைக்குடிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே நேர் இருப்புப்பாதை இல்லாததால் எங்களுக்கு அந்த வசதியும் குறைவு. மதுரை, மானாமதுரை என்று சுற்றிவர வேண்டும். ஆகவே மாலை போடும் அன்றே, பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்ற பேருந்து ஒன்றைத் திரும்பும் பயணத்துக்கு மட்டும் பேசி முன்பணம் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பேருந்து நகருக்குள் வராது. ஊருக்கு வெளியே எந்த இடத்தில் நிற்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நடந்து வரும்போதே அந்த இடத்தை எல்லாருக்கும் காட்டிவிடுகிறோம். பூசத்துக்கு இரண்டு நாள் முன்பே தரிசனம் செய்துவிட்டுத் திரும்பும் குழுக்களும் உண்டு. கூட்டம் பாதி; புண்ணியம் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

குழுக்கள் தம் பங்குக்குச் செய்ய வேண்டியவை இவை. நிர்வாகத்தாரிடம் கேட்பதற்கும் சில உள்ளன. நெரிசல் நாள்களில் எந்தெந்த ஊரில் வாகனங்கள் எந்த வழியாகத் திருப்பிவிடப்படும் என்பதை, திருப்பிவிடும் அன்று அறிவிக்காமல் ஒரு வாரம் முன்பே அறிவித்தால், சாமான் வண்டிகள் எங்களைத் தொலைக்காமல் வேறு வழியில் வந்து சேர முடியும். நத்தம், சாணார்பட்டி, ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், ஆயக்குடி ஆகிய ஊர்களில் சாலையை விட்டு விலகிய திடல் ஒன்றை இந்த வண்டிகளுக்கென்று ஒதுக்கி, விளக்கும் தண்ணீரும் கழிப்பிடமும் கொடுத்தால் போதும். இப்போது அவை சாலையோரத்திலேயே நிறுத்தப்படுவதால், நடப்பவர்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு சாலையின் நடுவுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. இருட்டில் விபத்து நடப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. பழனிக்குள் நுழையும் இடத்தில், தரிசனம் முடியும்வரை பைகளை வைத்துவிட்டுச் செல்வதற்கு எண் சீட்டுடன் கூடிய தற்காலிகப் பாதுகாப்பறை ஒன்று இருந்தால், மூட்டையைக் காவல் காப்பதற்காக மலையேறாமல் அடிவாரத்திலேயே தங்கிவிடும் ஆள்களும் சாமி பார்ப்பார்கள். எங்கள் குழுவில் அப்படித் தங்குபவன் பெரும்பாலும் நான்தான்.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்னதாக, வழியிலுள்ள முதலுதவி முகாம்கள், வாகனம் திருப்பிவிடப்படும் இடங்கள், ஊர்வாரியாகச் சிறப்புப் பேருந்துகள் புறப்படும் இடங்கள் ஆகியவற்றை விசாரித்து ஒரே பக்கத்தில் தாங்கள் வெளியிட்டால், அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சாமான் வண்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வோம்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகன்,
காரைக்குடி.